பாதியில் நிற்கத் தெரிந்த பார்சர்: துண்டு துண்டாக வரும் தரவை ஃபங்ஷனல் மொழியில் வாசிப்பது

யாழ்ப்பாணத்துக் குருநகரில் இருந்து மீன்பிடித் தொழிலுக்குப் போகும் ஒரு படகில் ஜிபிஎஸ் கருவி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது தன் இருப்பிடத்தை வயர் வழியாக ஒரு சிறிய கணினிக்குச் சொல்கிறது. இப்படிப்பட்ட கருவிகளில் பல என்எம்இஏ 0183 என்ற பழைய ஒழுங்கைத்தான் இன்றும் பின்பற்றுகின்றன. ஒவ்வொரு செய்தியும் ஒரு வரி. டாலர் குறியில் தொடங்கும், உள்ளே விவரங்கள் கமாவால் பிரிக்கப்பட்டிருக்கும், முடிவில் ஒரு நட்சத்திரக் குறியும் சரிபார்ப்பு எண்ணும் வரும். ஒரு வரி 82 எழுத்துகளைத் தாண்டக்கூடாது. வயரின் வழக்கமான வேகம் விநாடிக்கு 4800 பிட், அதாவது ஓர் எழுத்துக்கு 10 பிட் என்ற கணக்கில் ஏறத்தாழ 480 எழுத்து. ஆகவே நீளமான ஒரு வரி வந்து சேர ஒரு விநாடியில் ஆறில் ஒரு பங்கு பிடிக்கும்.

கணினிக்கு அது மிக நீண்ட நேரம். வயரில் என்ன வந்திருக்கிறது என்று நிரல் போய்ப் பார்க்கும்போது அனேகமாக அரை வரிதான் இருக்கும். உண்மையான செய்தியில் ஆங்கில எழுத்துகளும் இன்னும் சில விவரங்களும் இருக்கும். இங்கே சுருக்கி, வடக்குக்கு ‘வ’, கிழக்குக்கு ‘கி’ என்று எழுதிக்கொள்கிறேன்.

    முதல் துண்டு:      $நிலை,0939.4100,வ,080
    இரண்டாவது துண்டு:  01.2500,கி*

முழுதாகச் சேர்த்தால் 9 பாகை 39.41 கலை வடக்கு, 80 பாகை 1.25 கலை கிழக்கு (60 கலை ஒரு பாகை). குருநகருக்கு அருகேதான். ஆனால் முதல் துண்டை மட்டும் பார்த்துவிட்டு “080 என்பதுதான் முழு எண்” என்று நிரல் முடிவு கட்டினால் என்ன ஆகும்? இந்த ஒழுங்கில் கடைசி இரண்டு முழு இலக்கங்களும் கலை, அதற்கு முன்னால் இருப்பது பாகை. ஆகவே 080 என்றால் 0 பாகை 80 கலை. படகு மேற்கு ஆப்பிரிக்காவில் நிற்கிறது என்று நிரல் சொல்லும். அது பரவாயில்லை, பிழை என்று யாருக்கும் உடனே தெரிந்துவிடும். துண்டு கொஞ்சம் தள்ளி, 08001.2 என்ற இடத்தில் அறுந்திருந்தால்தான் எனக்குப் பயம். 1.25 கலைக்குப் பதில் 1.2 கலை, ஏறத்தாழ 90 மீற்றர் வித்தியாசம். யாரும் கவனிக்க மாட்டார்கள். 1974ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தம் கிழித்த எல்லைக்கோடு ஓடும் பாக்கு நீரிணையில், சத்தமில்லாமல் பிழையாகிவிடும் இருப்பிடம் ஒரு தொழிலாளிக்கு நல்லதல்ல.

எழுத்துத்தொடரை வாசித்து அதில் உள்ள விவரங்களைப் பிரித்தெடுக்கும் நிரலுக்குப் பார்சர் என்று பெயர். இப்படித் துண்டு துண்டாக வரும் உள்ளீட்டை, எங்கே அறுந்தாலும் பிழை விடாமல், முழுவதும் வரும்வரை சும்மா காத்திராமல் வாசிக்கும் பார்சரைத்தான் இன்க்ரிமென்டல் பார்சர் என்கிறோம். ஃபங்ஷனல் மொழியில், அதாவது மதிப்புகளை மாற்றாமல் ஃபங்ஷன்களைக் கோர்த்தே நிரல் எழுதும் மொழியில், இதை வடிவமைப்பது வியக்கத்தக்க அளவு சுத்தமான வேலை. உயர்தரத்தில் ஐசிரி (தகவல் தொழில்நுட்பம்) படித்து, பைதனில் ஃபங்ஷன் எழுதிப் பழகிய ஒருவருக்கு இந்தக் கட்டுரை போதும். ஹாஸ்கெல் தெரிந்திருக்கத் தேவையில்லை. கீழே வரும் நிரல் துண்டுகள் ஹாஸ்கெல், ஓகாமல் என்ற ஃபங்ஷனல் மொழிகளின் சாயலில் இருந்தாலும் நான் தமிழில் எழுதிய வரைவுகளே. அவற்றைக் கணினியில் அப்படியே ஓட்ட முடியாது.

சாதாரண பார்சரில் இருந்து தொடங்குவோம். ஃபங்ஷனல் மொழிகளில் பார்சர் என்பது ஒரு ஃபங்ஷன். எழுத்துத்தொடர் ஒன்றைக் கொடுத்தால், தனக்கு விளங்கிய பகுதியை ஒரு மதிப்பாக்கி, வாசிக்காத மீதியையும் சேர்த்துத் திருப்பித் தரும். விளங்காவிட்டால் தோல்வி என்று சொல்லும்.

    எண் "0939,வ"  =  (939, ",வ")
    எண் "வ,080"   =  தோல்வி

மீதியைத் திருப்பித் தருவதில்தான் சூட்சுமம். ஒரு பார்சர் விட்ட மீதியை அடுத்த பார்சரிடம் கொடுக்கலாம். எண் வாசிக்க ஒன்று, கமா வாசிக்க ஒன்று, திசை வாசிக்க ஒன்று என்று சின்னச் சின்னதாக எழுதிக் கோர்த்தால், முழு வரியையும் வாசிக்கும் பார்சர் கிடைத்துவிடும். ஃபிலிப் வாட்லர் 1985இல் இந்த வழியைப் பற்றி எழுதினார். 1996இல் கிரஹாம் ஹட்டனும் எரிக் மைஜரும் அதைத் துலக்கமாக விளக்கினார்கள். இன்றைய பார்சர் நூலகங்கள் பல அந்த வழியில் வந்தவை.

இந்தச் சாதாரண பார்சருக்கு இரண்டு விடைதான் தெரியும்: முடிந்தது, அல்லது தோல்வி. “080” என்று அறுந்த துண்டுக்கு இரண்டுமே பொய். முடிந்தது என்றால் படகு ஆப்பிரிக்காவுக்குப் போகும். தோல்வி என்றால் சரியான செய்தியைக் குப்பையில் போடுகிறோம். தொலைபேசியில் ஒருவர் இலக்கம் சொல்லிக்கொண்டிருக்கும்போது லைன் அறுந்தால், கேட்டவரை உள்ள இலக்கத்துக்கு நாம் அழைப்பதும் இல்லை, தாளைக் கிழித்துப் போடுவதும் இல்லை. எழுதியதை வைத்துக்கொண்டு, மீண்டும் எடுக்கட்டும் என்று இருப்போம். பார்சருக்கும் அப்படி ஒரு மூன்றாவது விடை வேண்டும்.

    வகை விளைவு அ
      = முடிந்தது  அ  மீதி
      | தோல்வி    காரணம்
      | இன்னும்   (துண்டு → விளைவு அ)

இங்கே ‘அ’ என்பது பார்சர் தரும் மதிப்பின் வகை, நிமிர்ந்த கோடு என்றால் ‘அல்லது’, அம்பு என்றால் இடப்பக்கத்தைக் கொடுத்தால் வலப்பக்கம் கிடைக்கும். ‘இன்னும்’ என்ற கடைசி வரியில் கொஞ்சம் நின்று பாருங்கள். முழு விஷயமும் அங்கேதான் இருக்கிறது. “இன்னும் வேண்டும்” என்று சொல்லும் பார்சர் வெறுமனே கையை விரிக்கவில்லை. கூடவே ஒரு ஃபங்ஷனைத் தருகிறது. அடுத்த துண்டு வந்ததும் அதை இந்த ஃபங்ஷனிடம் கொடுத்தால், விட்ட இடத்தில் இருந்து வேலை நடக்கும், மறுபடியும் அதே மூன்று விடைகளில் ஒன்று வரும். இந்த ஃபங்ஷனைத் தொடர்ச்சி என்று அழைப்போம். எதுவரை வாசித்தோம், இதுவரை சேர்த்த எண் என்ன, இனி என்ன எதிர்பார்க்கிறோம் என்பதெல்லாம் அதற்குள் அடங்கிவிடும். பைதனில் ஒரு ஃபங்ஷனுக்குள் இன்னொரு ஃபங்ஷனை எழுதி, வெளி ஃபங்ஷனின் மாறியை உள்ளே பயன்படுத்தியிருப்பீர்கள். அதே விஷயம்தான் இது.

எண் வாசிக்கும் பார்சரை இந்த வகையில் எழுதிப் பார்ப்போம். (ஒரு இலக்கமாவது இருக்கவேண்டும் என்ற சோதனையை எளிமைக்காக விட்டிருக்கிறேன்.)

    எண் இதுவரை உள்ளீடு =
      முதல் எழுத்து இலக்கம்      → எண் (இதுவரை × 10 + இலக்கம்) மீதி
      முதல் எழுத்து வேறு ஏதோ    → முடிந்தது இதுவரை உள்ளீடு
      எழுத்தே மிச்சமில்லை        → இன்னும் (துண்டு → எண் இதுவரை துண்டு)

இதைத் தாளில் கையால் ஓட்டிப் பாருங்கள், திரையில் பார்ப்பதைவிட நன்றாக விளங்கும். “080” கொடுத்தால் இதுவரை என்பது 0, 8, 80 என்று வளர்கிறது. பிறகு எழுத்து தீர்ந்துவிடுகிறது. விடை: இன்னும் (துண்டு → எண் 80 துண்டு). அந்த 80 தொடர்ச்சிக்குள் பத்திரமாக இருக்கிறது. இரண்டாவது துண்டான “01.2500,கி*” வந்ததும் 80 முதலில் 800 ஆகிறது, பிறகு 8001. அடுத்தது புள்ளி, இலக்கமல்ல. விடை: முடிந்தது 8001 “.2500,கி*”. நூறால் வகுத்தால் ஈவு 80 பாகை, மீதி 1 கலை. புள்ளிக்குப் பின்னால் வருவதை அடுத்த சின்ன பார்சர் பார்த்துக்கொள்ளும்.

இனிக் கோர்க்கும் வேலை. முதல் பார்சர் தந்த விளைவை எடுத்து, அதற்குப் பிறகு அடுத்த பார்சரை ஓட்டவேண்டும்.

    பிறகு (முடிந்தது அ மீதி)   அடுத்தது = அடுத்தது அ மீதி
    பிறகு (தோல்வி காரணம்)   அடுத்தது = தோல்வி காரணம்
    பிறகு (இன்னும் தொடர்ச்சி) அடுத்தது =
        இன்னும் (துண்டு → பிறகு (தொடர்ச்சி துண்டு) அடுத்தது)

முதல் இரண்டு வரியும் சாதாரண பார்சரில் இருப்பவையே. புதிதாக வந்தது மூன்றாவது மட்டும்: முதல் பார்சர் இன்னும் கேட்டால், நாமும் இன்னும் கேட்போம். துண்டு வந்ததும் அதை முதல் பார்சரின் தொடர்ச்சியிடம் கொடுத்துவிட்டு, வருகிற விளைவோடு மறுபடியும் இதே வேலையைச் செய்வோம். இதை ஒரே ஒரு தடவை எழுதினால் போதும். அதற்குப் பிறகு இந்தப் ‘பிறகு’வைக் கொண்டு கட்டும் ஒவ்வொரு பார்சரும், எத்தனை பெரியதானாலும், தானாகவே பாதியில் நிற்கவும் தொடரவும் கற்றுக்கொண்டுவிடுகிறது. கமா பார்சரை எழுதுபவர் துண்டுகளைப் பற்றி நினைக்கவே தேவையில்லை. சாதாரண முறையில் இதைச் செய்தவர்களுக்கு இந்த நிம்மதி விளங்கும். அங்கே “நான் இப்போது எந்தக் கட்டத்தில் நிற்கிறேன்” என்று ஒரு மாறியை வைத்து, கட்டத்துக்குக் கட்டம் நிபந்தனை எழுதி, புது விவரம் ஒன்று சேரும்போதெல்லாம் முழுவதையும் திருத்தவேண்டியிருக்கும்.

ஹாஸ்கெலில் பிரயன் ஓசல்லிவன் உருவாக்கிய அட்டோபார்செக் என்ற நூலகத்தில் விளைவுக்கு இதே மூன்று வடிவங்கள்தான். ஓகாமலில் ஆங்ஸ்ட்ரம் அதே வழியில் வந்தது. மேலே நான் எழுதிய ‘பிறகு’ நீளமான சங்கிலிகளில் மெதுவாகிவிடும். ஒவ்வொரு துண்டுக்கும் சங்கிலியின் எல்லா வளையத்தையும் மறுபடி சுற்றிக் கட்டவேண்டுமே. அதனால் அட்டோபார்செக் உள்ளே வேறு மாதிரி எழுதப்பட்டிருக்கிறது. வென்றால் எங்கே போவது, தோற்றால் எங்கே போவது என்ற இரண்டு தொடர்ச்சிகளையும் முன்கூட்டியே பார்சரின் கையில் கொடுத்துவிடுகிறார்கள். ஆரம்பத்தில் அது தேவையில்லை. என் வரைவை விளங்கிக்கொண்டால் அதற்குப் போவது அடுத்த படிதான்.

முடிவு எப்போது?

மேலே உள்ள எண் பார்சரில் ஒரு ஓட்டை இருக்கிறது. தரவு உண்மையாகவே “080” என்பதோடு நின்றுபோனால்? பார்சர் இன்னும் கேட்கும், கேட்டுக்கொண்டே இருக்கும். “வந்தது தீர்ந்துவிட்டது” என்பதும் “இனி வராது” என்பதும் வேறு வேறு செய்திகள். இரண்டையும் பிரித்துச் சொல்ல வழி வேண்டும். அட்டோபார்செக்கின் ஒழுங்கு எளிமையானது: தொடர்ச்சியிடம் வெறுமையான துண்டைக் கொடுத்தால், உள்ளீடு முடிந்துவிட்டது என்று பொருள். அப்போது எண் பார்சரின் கடைசி வரி இப்படி ஆகும்:

      எழுத்தே மிச்சமில்லை →
          இன்னும் (துண்டு → துண்டு வெறுமையா?
                         ஆம்    → முடிந்தது இதுவரை ""
                         இல்லை → எண் இதுவரை துண்டு)

இது ஒரு ஆபத்தையும் கூட்டி வருகிறது. வயரில் போய்ப் பார்த்து, எதுவும் வரவில்லை என்று கிடைக்கும் வெறுமையான துண்டைத் தெரியாமல் பார்சரிடம் கொடுத்துவிட்டால், அது முடிந்துவிட்டது என்று நம்பிவிடும். மறுபடியும் 080, மறுபடியும் ஆப்பிரிக்கா. எனக்குப் பிடித்த வடிவம், துண்டு, முடிவு என்று இரண்டையும் வெவ்வேறு பெயரில் ஒரு வகையாகவே எழுதிவிடுவது. கொஞ்சம் கூடத் தட்டச்சு செய்யவேண்டும், ஆனால் குழப்பம் நுழைய இடமில்லை.

தரவின் ஒழுங்கை வடிவமைத்தவர்களும் இங்கே உதவலாம். என்எம்இஏ வரியில் எண்ணுக்குப் பின்னால் எப்போதும் ஒரு கமாவோ நட்சத்திரமோ வரும். அதைக் கண்ட உடனேயே எண் முடிந்தது என்று உறுதியாகச் சொல்லிவிடலாம். நீங்களே ஒரு ஒழுங்கை உருவாக்கும் நிலை வந்தால், ஒவ்வொரு விவரத்துக்கும் முடிவுக்குறி வையுங்கள், அல்லது நீளத்தை முன்னால் சொல்லுங்கள்.

இன்னொன்று. கருவியை இணைக்கும் நேரத்தில் அது ஒரு வரியின் நடுவில் இருக்கலாம். உப்புக்காற்றில் கறுத்துப்போன இணைப்பில் ஓர் எழுத்து மாறியும் வரலாம். ஆகவே ஓடிக்கொண்டிருக்கும் தரவில் ஒரு தோல்வியோடு கடையை மூடிவிட முடியாது. அடுத்த டாலர் குறி வரும்வரை எல்லாவற்றையும் தள்ளிவிட்டுப் புதிதாகத் தொடங்கவேண்டும். சரிபார்ப்பு எண் இருப்பதும் இதற்காகத்தான். டாலருக்கும் நட்சத்திரத்துக்கும் இடையில் உள்ள எழுத்துகளை ஒவ்வொன்றாக எக்ஸோர் செய்துகொண்டே வந்தால் அது கிடைக்கும். வரி எங்கே அறுந்தாலும், இதுவரை வந்த எக்ஸோர் மதிப்பைத் தொடர்ச்சிக்குள் வைத்துக்கொள்ளலாம்.

பின்வாங்குவதன் விலை

“இந்தப் பார்சர், இல்லாவிட்டால் அந்தப் பார்சர்” என்று எழுதவேண்டி வரும். ஜிபிஎஸ் கருவி பல வகை வரிகளை அனுப்பும், அவற்றில் சில ஒரே மாதிரித் தொடங்கும். முதல் பார்சர் பத்து எழுத்து வாசித்து, இன்னும் கேட்டு, இன்னொரு துண்டும் வாங்கி, பிறகு தோற்றால்? இரண்டாவது பார்சர் முதலில் இருந்து தொடங்கவேண்டும். அந்தப் பத்து எழுத்தும் வேண்டும், இடையில் வந்த துண்டும் வேண்டும். ஆகவே முதல் பார்சர் முடிவு சொல்லும்வரை வந்தவற்றையெல்லாம் சேர்த்து வைக்கவேண்டும்.

82 எழுத்து வரிக்கு இது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் பெரிய கோப்பு ஒன்றை முழுதாக வாசிக்கும் பார்சருக்கு இன்னொரு பெரிய பார்சரை மாற்றாக எழுதிவிட்டால், முழுக் கோப்பும் நினைவகத்தில் தங்கிவிடும். துண்டு துண்டாக வாசித்ததன் பயனே போய்விடும். அட்டோபார்செக் எப்போதும் பின்வாங்கத் தயாராக இருக்கும். எழுதுபவருக்கு அது வசதி, நினைவகத்துக்குச் செலவு. டான் லேயனின் பார்செக் என்ற ஹாஸ்கெல் நூலகத்தில் இதற்கு எதிரான வழக்கம்: ஒரு பார்சர் ஓர் எழுத்தையாவது விழுங்கிவிட்டுத் தோற்றால், வெளிப்படையாகக் கேட்டாலன்றிப் பின்வாங்காது. ஆங்ஸ்ட்ரத்தில், இந்த இடத்துக்கு முன்னால் இனிப் போகமாட்டேன் என்று பார்சரே அறிவிக்க ஒரு வழி உண்டு. அறிவித்ததும் பழைய எழுத்துகள் இருந்த இடத்தை மறுபடி பயன்படுத்தலாம். எங்கள் வரிகளில் அந்த அறிவிப்புக்குப் பொருத்தமான இடம், வரியின் வகை தெரிந்த உடனே வரும் முதல் கமா.

‘யாழ்ப்பாணம்’ நடுவில் அறுந்தால்

தமிழில் எழுதுபவர்கள் கட்டாயம் விளங்கிக்கொள்ளவேண்டிய பகுதி இது. ஆங்கில எழுத்துகளை மட்டும் வைத்து எழுதப்பட்ட அறிமுகங்கள் இதைத் தொடுவதே இல்லை.

யூரிஎஃப்-8 முறையில் தமிழ் எழுத்துகளுக்கான ஒவ்வொரு யூனிகோட் குறிக்கும் மூன்று பைட். முதல் பைட் எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175. ‘யாழ்ப்பாணம்’ என்ற சொல் நமக்கு ஆறு எழுத்து. யூனிகோட்டுக்கு 11 குறி: ய, கால், ழ, புள்ளி என்று தனித்தனியாக எண்ணவேண்டும். பைட் கணக்கில் 33. இணைய இணைப்போ வயரோ பைட்களைத்தான் கொண்டுவருகிறது, எங்கே வெட்டுகிறோம் என்று பார்த்து வெட்டுவதில்லை.

முதல் துண்டில் 10 பைட் வந்தது என்போம். ய, கால், ழ மூன்றுக்கும் 9 பைட். பத்தாவதாக 224 மட்டும் தனியே நிற்கிறது. புள்ளியின் மீதி இரண்டு பைட்டான 175, 141 அடுத்த துண்டில். இது சுகமான சூழ்நிலை. 224ஐக் கண்டதுமே இன்னும் இரண்டு பைட் வரவேண்டும் என்று தெரியும், இன்னும் வேண்டும் என்று சொல்லிவிடலாம். பைட்களை எழுத்துக்குறிகளாக்கும் அந்தப் பகுதியே ஒரு குட்டி இன்க்ரிமென்டல் பார்சர்தான்.

9 பைட் மட்டும் வந்திருந்தால்? பைட் அளவில் எல்லாம் சரி, ய, கால், ழ மூன்றும் முழுதாக இருக்கின்றன. ஆனால் வந்திருப்பது “யாழ”, “யாழ்” அல்ல. புள்ளி அடுத்த துண்டின் தலையில் தனியாக வருகிறது. தமிழ்ப் பக்கங்களில் சிலவேளை புள்ளிகளால் ஆன ஒரு வட்டத்தோடு தனியாகத் தொங்கும் புள்ளியோ கொம்போ பார்த்திருப்பீர்கள். இப்படிப் பிரிந்து வந்ததும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். ழ என்ற குறியைக் கண்டால் எழுத்து முடிந்துவிட்டதென்று சொல்ல முடியாது. அதற்குப் பின்னால் என்ன வருகிறது என்று பார்த்தபிறகுதான் சொல்லலாம். 080க்குப் பின்னால் இன்னோர் இலக்கம் வருமா என்று பார்த்த அதே பிரச்சினை, அதே தீர்வு. பைட்டுக்கு ஒரு பார்சர், அதற்கு மேல் எழுத்துக்கு ஒன்று, அதற்கு மேல் வரிக்கு ஒன்று என்று அடுக்கினால், ஒவ்வொன்றும் தன் மட்டத்தில் மட்டும் பாதியில் நிற்கக் கற்றிருந்தால் போதும்.

திருத்தும்போது மறுபடி வாசிப்பது

இன்க்ரிமென்டல் என்ற பெயரில் இன்னொரு பிரச்சினையும் உண்டு. 2000 வரி நிரல் ஒன்றை எடிட்டரில் திறந்து, 1730ஆவது வரியில் ஓர் எழுத்தை மாற்றுகிறீர்கள். நிறம் பூசவும் பிழை காட்டவும் எடிட்டருக்கு அந்த நிரலின் அமைப்பு தெரியவேண்டும். ஒவ்வோர் எழுத்துக்கும் 2000 வரியையும் முதலில் இருந்து வாசிப்பதா?

மேலே கட்டியதே இங்கும் பாதி வேலையைச் செய்கிறது. 50 வரிக்கு ஒரு தடவை பார்சரை நிறுத்தி, அந்த நேரத்துத் தொடர்ச்சியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 1730இல் மாற்றம் நடந்தால் 1700இல் எடுத்து வைத்த தொடர்ச்சியிடம் புதிய வரிகளைக் கொடுங்கள். ஃபங்ஷனல் மொழி இங்கே தரும் நன்மை பெரியது. மதிப்புகள் மாறுவதில்லை. ஒரு தொடர்ச்சியை ஒரு தடவை ஓட்டினாலும் அது தேய்ந்துபோவதில்லை. அதே தொடர்ச்சியிடம் ஒரு துண்டைக் கொடுத்துப் பார்த்து, பிடிக்காவிட்டால் இன்னொன்றைக் கொடுக்கலாம். நிலையை உள்ளே மாற்றிக்கொண்டே போகும் பார்சர் என்றால், எடுத்து வைப்பதற்கு முன் முழுவதையும் நகல் எடுக்கவேண்டும். ஏதாவது ஒரு மூலையை நகல் எடுக்க மறந்தால், வாரக்கணக்கில் தேடவைக்கும் பிழை வரும். ஜான்-ஃபிலிப் பெர்னார்டி 2009இல் யீ என்ற ஹாஸ்கெல் எடிட்டருக்காக இந்த வழியை விரிவாக ஆராய்ந்தார். திரையில் தெரியும் பகுதிவரை மட்டுமே அமைப்பைக் கணக்கிட, ஹாஸ்கெலின் சோம்பல் கணிப்பை (தேவைப்படும்போது மட்டும் கணக்கிடும் முறையை) அவர் பயன்படுத்தினார்.

மற்றப் பாதியில்தான் சிக்கல். 1700இல் தொடங்கிவிட்டோம், எங்கே நிறுத்துவது? 1750க்கு வந்ததும் புதிய நிலையும் அங்கே முன்பு எடுத்து வைத்த நிலையும் ஒன்றே என்றால், அதற்குக் கீழே எதையும் தொடத் தேவையில்லை. ஆனால் நிலை ஒரு ஃபங்ஷனாக இருக்கிறது. இரண்டு ஃபங்ஷன்கள் ஒன்றா என்று பொதுவாகக் கணினியால் சொல்ல முடியாது. அவற்றை வட்டில் எழுதி வைப்பதும் சுலபமல்ல.

இங்கே தொடர்ச்சியை விட்டுவிட்டு, அதற்குள் ஒளிந்திருந்ததைத் தரவாக வெளியே எடுத்து எழுதவேண்டும். “எண் 80 துண்டு” என்று காத்திருந்த ஃபங்ஷனுக்குப் பதில், எண்ணுக்குள்_இருக்கிறேன் 80 என்று ஒரு சாதாரண மதிப்பு. ஜான் ரெய்னால்ட்ஸ் 1972இலேயே இப்படி ஃபங்ஷன்களைத் தரவாக்கும் முறையை விளக்கியிருக்கிறார். ஓகாமலின் மென்ஹிர் என்ற கருவி இந்தப் பக்கத்தில் நிற்கிறது: நீங்கள் இலக்கணத்தைக் கொடுத்தால் அது பார்சரை ஆக்கித் தரும், அதன் இன்க்ரிமென்டல் முறையில் ஒவ்வொரு படியிலும் பார்சரின் நிலை உங்கள் கையில் ஒரு மாறாத மதிப்பாக வரும். ஒப்பிடலாம், எடுத்து வைக்கலாம், பழைய நிலைக்குத் திரும்பலாம். என் கருத்து இது: ஓடிவரும் தரவுக்குத் தொடர்ச்சி போதும், எழுதவும் இனிமையானது. எடிட்டருக்கு என்றால் தொடக்கத்திலேயே நிலையைத் தரவாக எழுதுங்கள்.

முற்றிலும் வேறான இன்னொரு வழியையும் தொட்டுவிடுகிறேன், ஏனென்றால் அது மிக அழகானது. இடமிருந்து வலமாக வாசிப்பதையே விட்டுவிட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியாக ஒரு சுருக்கம் எழுதி, சுருக்கங்களை இணைப்பது. அடைப்புக்குறிகள் பொருந்துகின்றனவா என்று பார்ப்பதை எடுத்துக்கொள்வோம். ஒரு துண்டின் சுருக்கம் இரண்டு எண்: துணையில்லாத மூடும் குறிகள், துணையில்லாத திறக்கும் குறிகள்.

    )((     →  (1, 2)
    )))(    →  (3, 1)
    இணைத்தால்: 2 திறப்பும் 2 மூடலும் பொருந்தித் தீரும்  →  (2, 1)

இரண்டையும் ஒட்டி )(()))( என்று எழுதி எண்ணிப் பாருங்கள், அதே (2, 1) வரும். துண்டுகளை இடம் மாற்றாத வரை, பக்கத்துப் பக்கத்துத் துண்டுகளில் எவற்றை முதலில் இணைத்தாலும் விடை மாறாது. ஆகவே வரிகளையெல்லாம் சமநிலையான ஒரு மரத்தின் இலைகளாக வைத்து, ஒவ்வொரு கணுவிலும் அதன் கீழுள்ளவற்றின் சுருக்கத்தை வைக்கலாம். ஒரு வரி மாறினால் அந்த இலையில் இருந்து வேர்வரை உள்ள கணுக்களை மட்டும் திருத்தினால் போதும். 10 இலட்சம் வரி இருந்தாலும் அது 20 கணு அளவில்தான். ரால்ஃப் ஹின்ஸும் ராஸ் பாட்டர்சனும் 2006இல் விவரித்த விரல் மரம் என்ற தரவு அமைப்பு இதற்கென்றே செய்ததுபோல் பொருந்தும். எல்லா இலக்கணத்துக்கும் இப்படிச் சின்னச் சுருக்கம் கிடைக்காது. சொற்களாகப் பிரிக்கும் வேலைக்கு அனேகமாகக் கிடைக்கும்.

எதை எழுதினாலும், சரியா என்று பார்க்க இந்தத் துறையில் மிக நல்ல சோதனை ஒன்று இருக்கிறது. ஒரு முழு வரியை எடுத்துக்கொள்ளுங்கள். அதை ஒரே துண்டாகக் கொடுத்தால் வரும் விடையைக் குறித்து வையுங்கள். பிறகு முதல் எழுத்துக்குப் பின்னால் வெட்டி இரண்டு துண்டாகக் கொடுங்கள், அடுத்து இரண்டாவது எழுத்துக்குப் பின்னால், இப்படியே கடைசிவரை. 82 எழுத்து வரியில் வெட்டக்கூடிய இடங்கள் 81. ஒவ்வொரு தடவையும் விடை மாறாமல் இருக்கவேண்டும். அதன்பின் ஒவ்வோர் எழுத்தையும் தனித் துண்டாகக் கொடுத்துப் பாருங்கள். க்ளாஸனும் ஹியூஸும் 2000இல் வெளியிட்ட குவிக்செக் போன்ற கருவி கையில் இருந்தால், வரியையும் வெட்டும் இடத்தையும் அதுவே தேர்ந்தெடுத்து நூற்றுக்கணக்கில் ஓட்டும். தமிழ் வரிகளைச் சோதிக்கும்போது எழுத்தில் வெட்டாமல் பைட்டில் வெட்டுங்கள். ‘யாழ்ப்பாணம்’ என்ற ஒரு சொல்லிலேயே வெட்டுவதற்கு 32 இடம் கிடைக்கும், அவற்றில் 22 ஒரு குறியின் நடுவே விழும்.